ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க்: மோர்ஸ் பகுதி காலியாகவா கிடக்கிறது?

பொழுதுபோக்காக வானொலி நிலையம் இயக்கும் அமெச்சூர் வானொலியில், புள்ளி-கோடு ஒலிகளால் செய்தி அனுப்பும் மோர்ஸுக்கென்று அலைவரிசையில் தனி இடம் ஒதுக்க வேண்டுமா என்ற விவாதம் எழும்போதெல்லாம், "அந்த இடம் காலியாகத்தானே கிடக்கிறது" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. அதற்கு ஆதாரத்தோடு பதில் சொல்ல விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, வானில் கேட்கும் மோர்ஸ் அழைப்புகளைத் தானாகவே பதிந்து இணையத்தில் காட்டும் ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க்கைத்தான். 2008-இல் தொடங்கிய இச்சேவையைத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். பார்வையிடக் கட்டணம் இல்லை.

உலகின் பல பகுதிகளில் ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்கள் தங்கள் ரிசீவர்களை இரவும் பகலும் இயங்க விட்டிருக்கிறார்கள். அவற்றோடு இணைந்த ஸ்கிம்மர் மென்பொருள், ஒரு பேண்டில், அதாவது அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைப் பகுதியில், ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஏராளமான மோர்ஸ் சிக்னல்களைத் தனித்தனியே பிரித்துப் படித்து, 'சி.க்யூ.' என்று பொது அழைப்பு விடுப்பவர்களின் அழைப்புக்குறிகளை (நிலையத்தை அடையாளம் காட்டும் குறியீடுகளை) மைய சர்வருக்கு அனுப்புகிறது. நீங்கள் ஓரிரு முறை சி.க்யூ. அடித்து அழைப்புக்குறியைச் சொல்லி முடித்த சில நொடிகளில், எந்த ரிசீவர் கேட்டது, எந்த அதிர்வெண்ணில், இரைச்சலைவிட எத்தனை டெசிபல் மேலே, நிமிடத்துக்கு எத்தனை சொற்கள் வேகத்தில் என்ற விவரங்கள் திரையில் வந்துவிடுகின்றன. மறுமுனையில் ஒரு மனிதர்கூட விழித்திருக்கத் தேவையில்லை.

ஆன்டெனாக்களை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட எளிய வழியை நான் அறியேன். ஒன்றில் அழைத்துவிட்டு மற்றொன்றுக்கு மாறும்போது அதிர்வெண்ணைச் சற்றே நகர்த்திக்கொள்ள வேண்டும். அதே இடத்தில் அதே அழைப்புக்குறி உடனே மீண்டும் கேட்டால் ஸ்கிம்மர் அதைப் புதிதாகப் பதிவதில்லை. மலையுச்சியிலிருந்து குறைந்த திறனில் இயங்குபவர்களுக்கும் இது பெரும் துணை: முன்கூட்டியே அறிவித்திருந்தால், அவர்களின் அழைப்பு ஸ்கிம்மரில் சிக்கியதும் மலைநிலையங்களைத் தேடுபவர்களின் பட்டியலில் தானாகவே இடம்பெறுகிறது.

அலைவரிசை விவாதத்தில் இச்சேவையின் மதிப்பு இன்னும் கூடுகிறது. 2003-இல் நடந்த உலக வானொலி மாநாட்டுக்குப் பிறகு, உரிமம் பெற மோர்ஸ் தேர்வு வேண்டுமா என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்துகொள்ளலாம் என்றானது. பல நாடுகள் அத்தேர்வைக் கைவிட்டன. தேர்வு போனபின் மோர்ஸுக்கு இடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, கட்டாயம் ஏதுமின்றி விரும்பி அழைப்பவர்களின் அழைப்புக்குறிகளே பதிலாக நிற்கின்றன. ஒரு மோர்ஸ் சிக்னல் ஏறத்தாழ 150 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்கிவிடும். ஹாம்கள் வழக்கமாகப் பேசப் பயன்படுத்தும் ஒற்றைப் பக்கப்பட்டைக் குரலுக்கு 2.4 கிலோஹெர்ட்ஸாவது வேண்டும். ஒருவர் பேசும் இடத்தில் பத்துப் பேருக்கு மேல் மோர்ஸ் அடிக்கலாம் என்பதால், இடத்தை வீணடிப்பதாக மோர்ஸைக் குறைகூறுவது கணக்குக்கே பொருந்தாது.

அந்த இடத்துக்கான பாதுகாப்போ பலரும் நினைப்பதைவிட மெலிந்தது. அமெரிக்க விதிகளில் மோர்ஸுக்கு மட்டுமே உரியவை 50.0–50.1, 144.0–144.1 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு துண்டுகள்தான். குறுஅலைப் பேண்டுகளின் கீழ்ப்பகுதியை டிஜிட்டல் தரவும் சட்டப்படி பகிர்ந்துகொள்கிறது. 2023 இறுதியில் அங்கே தரவு வேகத்துக்கான பழைய வரம்பு நீக்கப்பட்டு, அதற்குப் பதிலாக 2.8 கிலோஹெர்ட்ஸ் அகல வரம்பு வந்தது. அத்தகைய அகலமான சிக்னல் ஒன்று, அதிலும் ஆளில்லாமல் தானே இயங்கும் நிலையம் ஒன்று, மோர்ஸ் உரையாடலின் மேல் வந்து அமர்ந்தால், "இடம் உபயோகத்தில் இருக்கிறது" என்று சொல்லிப் புரியவைக்க அங்கே காது கிடையாது. பன்னாட்டு அமெச்சூர் வானொலி ஒன்றியத்தில் ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் அடங்கிய முதல் மண்டலம் 7.000–7.040 மெகாஹெர்ட்ஸில் 200 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அகலத்தைத் தவிர்க்கச் சொல்கிறது. சட்டம் அல்ல, ஒப்புக்கொண்ட திட்டம்தான் என்றாலும், அகலத்தை அளவுகோலாகக் கொள்ளும் இந்த முறையே சரியானது என்பது என் உறுதியான கருத்து. நாளை வேறொரு குறுகிய முறை வந்தாலும் அது மோர்ஸோடு அங்கே சேர்ந்து வாழ முடியும்.

இனி இச்சேவையின் குறைகள். பொது அழைப்பு விடுப்பவரை மட்டுமே அது பதிவு செய்கிறது. பதில் அளிப்பவரும், நண்பர்களோடு மணிக்கணக்கில் மோர்ஸில் உரையாடுபவரும் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. சாதாரண கைச்சாவியில் தாளம் சீராக இல்லாமல் அடிப்பவர்களை மென்பொருள் பல நேரம் தவறவிடுகிறது. மங்கலான சிக்னலில் ஒரு புள்ளி விடுபட்டால் நான்கு புள்ளி 'எச்' மூன்று புள்ளி 'எஸ்' ஆகி, இல்லாத ஒரு நிலையம் பட்டியலில் தோன்றிவிடும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ரிசீவர்கள் நெருக்கமாக இருக்க, பிற இடங்களில் அவை அரிதாகவே உள்ளன.

இவற்றையெல்லாம்விட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. எந்தெந்த அதிர்வெண்களில் மோர்ஸைத் தேட வேண்டும் என்பதை ஸ்கிம்மரை நடத்துபவரே அமைக்கிறார். அவரும், எந்த முறைக்கு எந்த அதிர்வெண் என்று சொல்லும் பேண்ட் திட்டத்தைப் பார்த்தே அமைக்கிறார். ஆகவே மோர்ஸ் பகுதிக்கு வெளியே மோர்ஸ் இல்லை என்பதற்கு இத்தரவை ஆதாரமாகக் காட்டக் கூடாது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதற்கு மட்டுமே காட்டலாம்.

ஒவ்வொரு நாளின் முழுப் பதிவையும் தரவிறக்கிக்கொள்ள முடிகிறது என்பதால், வாதிட வருபவர்கள் பொத்தாம்பொதுவாகப் பேச வேண்டிய அவசியமே இல்லை. ஹாம்களுக்கான வானொலிப் போட்டி நடக்கும் வார இறுதிகளில் எண்ணிக்கை பன்மடங்கு பெருகும்; அவற்றைத் தவிர்த்துச் சாதாரண வாரநாள்களை எடுங்கள். வரிகளை எண்ணாமல் வெவ்வேறு அழைப்புக்குறிகளை எண்ணுங்கள். ஒருவரின் ஒரே அழைப்பை ஐம்பது ரிசீவர்கள் கேட்டால் பதிவில் ஐம்பது வரிகள் இருக்கும். ஒரே ஒரு ரிசீவர் மட்டும், அதுவும் ஒரே ஒரு முறை அறிவித்த அழைப்புக்குறிகளையும் கழித்துவிட்டால், எதிர்த்தரப்பு எளிதில் தள்ளிவிட முடியாத ஓர் எண் கையில் இருக்கும்.