பிளெண்டரில் திற்பரப்பு அருவி: மான்டாஃப்ளோ எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது?

நாகர்கோவிலில் சின்ன அளவில் அனிமேஷன் வேலை செய்கிறேன். ஒரு தங்கும் விடுதியின் விளம்பரத்துக்காக, திற்பரப்பு அருவியைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே விழவைக்க வேண்டியிருந்தது, 12 விநாடி ஷாட். பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளோடு சேர்ந்தே வருகிற, தண்ணீர், புகை போன்றவற்றின் ஓட்டத்தைக் கணக்கிடும் மான்டாஃப்ளோவை வைத்துத்தான் செய்தேன். 2020இல் 2.82 பதிப்போடு வந்தது இது, பழைய தண்ணீர்க் கருவியான எல்பீமின் இடத்தில். இரண்டு மாதம் மல்லுக்கட்டிய பிறகு எழுதுகிறேன்.

முதலில் டொமைனை, அதாவது தண்ணீர் கணக்கிடப்படும் பெட்டியை, 2 மீட்டர் அளவிலேயே வைத்து, அதற்குள் ஒன்றரை மீட்டர் உயரத்தில் பாறையைக் கட்டினேன். வாளியைக் கவிழ்த்ததுபோலத் தண்ணீர் சட்டென்று விழுந்தது. சரி, மெதுவாக்குவோம் என்று சிமுலேஷன் ஓடும் வேகமான டைம் ஸ்கேலைக் கண்ணளவில் குறைத்தேன். அதைப் பார்த்துவிட்டு அம்மா, "மக்களே, இது என்ன, வடிச்ச கஞ்சியா?" என்று கேட்டாள். அவள் சொன்னது சரிதான்.

மறுநாள் போனை எடுத்துக்கொண்டு திற்பரப்புக்கே போய், ஒரு கொத்து நுரை உச்சியிலிருந்து கீழே வருவதை வீடியோ எடுத்து ஃப்ரேம் ஃப்ரேமாக எண்ணினேன். கோதையாறு அங்கே சுமார் 50 அடி விழுகிறது, அதாவது 15 மீட்டர். தடையில்லாமல் விழுந்தால் 1.75 விநாடி, விநாடிக்கு 24 ஃப்ரேம் வேகத்தில் 42 ஃப்ரேம். என் ஒன்றரை மீட்டர் பாறையில் இதுவே 13 ஃப்ரேமில் முடிந்துவிடும். உயரம் 10 மடங்கு கூடினால் நேரம் 10 மடங்கு கூடாது, சுமார் 3.2 மடங்குதான். கண்ணளவில் குறைத்தபோது நான் தவறு செய்தது இங்கேதான். தண்ணீர் பொம்மை மாதிரி தெரிகிறது என்று யார் கேட்டாலும் நான் முதலில் அளவைத்தான் பார்க்கச் சொல்வேன். மீட்டர் கணக்கில் உண்மையான அளவிலேயே கட்டுங்கள், அளவை மாற்றிய பொருளுக்கு ஸ்கேலை அப்ளை பண்ணுங்கள், பிறகு ஃப்ரேமை எண்ணுங்கள்.

வேகம் சரியானது, ஆனால் கஞ்சித்தன்மை போகவில்லை. பாகுத்தன்மையான விஸ்காசிட்டியைக் குறைத்துப் பார்க்கத்தான் எல்லோருக்கும் தோன்றும், ஆனால் கோளாறு அதில் இல்லை, டொமைன் பிரிக்கப்படும் கட்டத்தின் அளவில் இருக்கிறது. நீளமான பக்கம் எத்தனை கட்டங்களாகப் பிரிகிறது என்பதுதான் ரெசல்யூஷன். டொமைனின் நீளமான பக்கம் 20 மீட்டர் என்றால், தொடக்க அமைப்பான 32 ரெசல்யூஷனில் ஒரு கட்டம் 60 சென்டிமீட்டருக்கும் மேல். பாறை விளிம்பில் வழிகிற தண்ணீர் பல இடங்களில் ஒரு சாண் கனம்கூட இல்லை, அதை இந்தக் கட்டம் எப்படிப் பிடிக்கும்? 256 வைத்தால் 8 சென்டிமீட்டருக்கு வரும், அப்போதுதான் தண்ணீர் பிரிந்து இழை இழையாக விழத் தொடங்குகிறது. ரெசல்யூஷனை இரட்டிப்பாக்கினால் கட்டங்கள் 8 மடங்கு, நேரப்படிகளும் கூடுவதால் வேலை அதைவிட அதிகம். இதெல்லாம் சிபியுவில்தான் ஓடுகிறது, அதனால் சிமுலேஷன் வேகமாகும் என்று நம்பி விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்காதீர்கள், ரேமில் போடுங்கள். பேக் செய்வதற்கு, அதாவது கணக்கிட்டுச் சேமிப்பதற்கு, முன்பே, சேமிப்புக்கான கேஷ் பகுதியில், விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் ரெஸ்யூமபிள் என்பதை டிக் செய்துவிடுங்கள். நான் செய்யவில்லை, ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் போனதும் பாதி பேக் ஆனது வீணாகிப் போனது.

அப்புறம் வெள்ளை நிறம். திற்பரப்பில் நின்று கவனித்தால், விளிம்பில் கண்ணாடி மாதிரி வரும் தண்ணீர் கொஞ்சம் இறங்கியதுமே வெளுத்துவிடுகிறது. அந்த வெண்மை உள்ளே புகுந்த காற்று. மான்டாஃப்ளோவோ காற்றைக் கணக்கில் எடுப்பதே இல்லை, அதனால் தண்ணீரின் மேற்பரப்பான மெஷ் மட்டும் இருந்தால் என்ன செய்தாலும் உருக்கிய கண்ணாடிதான் கிடைக்கும். ஸ்ப்ரே (சாரல்), ஃபோம் (நுரை), பபிள் (குமிழி) என்ற மூன்று பார்ட்டிகிளையும், அதாவது துகள்களையும், தனியாகச் சேர்த்ததும், மெஷ்ஷில் ஓட்டத்தின் வேகத்தைச் சேமிக்கும் ஸ்பீடு வெக்டர்ஸைப் போட்டு, வேகமாக ஓடுவதை மங்கலாகக் காட்டும் மோஷன் பிளர் கொடுத்ததும்தான் அது அருவியாக மாறியது. இந்த மாற்றத்தைப் பார்த்த அன்று எனக்கு ரொம்ப சந்தோஷம். கேஷை, ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகப் பேக் செய்யும் மாடுலர் முறையில் வைத்திருந்தால், தண்ணீரை மறுபடி கணக்கிடாமல் பார்ட்டிகிளையும் மெஷ்ஷையும் மட்டும் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்க்கலாம், எனக்கு இதில் மிகவும் பிடித்த வசதி இதுதான்.

பாறை வழியாகத் தண்ணீர் கசிந்தால் உங்கள் பாறை தாள் மாதிரி இருக்கிறது என்று பொருள். கனம் கொடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் மோதும் பொருளுக்கான எஃபெக்டர் அமைப்பில் சர்ஃபேஸ் திக்னஸைக் கூட்டுங்கள். கீழே குளம் அமைதியாக இல்லாமல் துடித்துக்கொண்டே இருந்தால், அந்தப் பகுதியைத் தனி டொமைனாக்கி வழக்கமான ஃப்ளிப் கணக்கீட்டு முறைக்குப் பதில், அதைவிட அமைதியான ஏபிக் முறையில் ஓட்டுங்கள்.

இலவசக் கருவியில் இந்த அளவுக்கு அருவி வருவது பெரிய விஷயம், 5க்கு 4 கொடுப்பேன். கடலுக்கு மட்டும் இதை எடுக்காதீர்கள். அடுத்த வேலையாக முட்டம் கடற்கரை வந்தது, அவ்வளவு பெரிய பரப்பைக் கட்டங்களாகப் பிரிக்க எந்த வீட்டு மெஷினும் தாங்காது. பிளெண்டரில் கடல் அலையை உருவாக்கும் ஓஷன் மாடிஃபையரில் அலை அழகாக எழும்பி வருகிறது, ஆனால் அந்த அலைக்குப் பாறை இருப்பதே தெரியாது, அதற்குள் புகுந்து மறுபக்கம் போய்விடுகிறது. மோதிச் சிதறும் இடத்துக்கு மட்டும் சின்னதாக ஒரு மான்டாஃப்ளோ டொமைன் வைத்து இரண்டையும் ஒட்டிப் பார்க்கிறேன், ஒட்டுகிற கோடு இன்னும் தெரிகிறது. இப்போதைக்குக் கேமராவைப் பாறைக்குப் பின்னால் இறக்கி வைத்திருக்கிறேன்.