பத்மினி, அம்பாசிடர் வைத்திருப்பவர்களே, கார்பரேட்டரைக் கழற்ற விடும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் 1986 பிரீமியர் பத்மினி சோக் இழுத்ததும் ஒரே செல்ஃபில் பிடித்துக்கொள்ளும், அரை நிமிடம் ஒழுங்காக ஓடும், அப்புறம் திணறி அணைந்துவிடும். கிளாசிக் கார் ஸ்பெஷலிஸ்ட் என்று போர்டு மாட்டிய ஒரு பட்டறையில் விட்டோம். பானெட்டைத் தூக்கிய கையோடு "கார்பரேட்டர் போச்சு சார்" என்றார் ஓனர். எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டர், தீப்பொறிக்கான காயில், கண்டன்சர், பாயிண்ட் எல்லாம் மாற்றி 18,500 ரூபாய் பில் போட்டார். டெலிவரி எடுத்த அன்றே பட்டறை வாசலில் அதே மாதிரி அணைந்தது. "புது கார்பரேட்டர், செட் ஆக நாலு நாள் ஆகும்" என்றார்கள், கட்டி இழுத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

கண்டுபிடித்தது எங்கள் தெருமுனையில் டூவீலர் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, உயரத் தூக்கிப் பிடித்து, டியூப் வழியாக நேரே கார்பரேட்டருக்கு விட்டார். வண்டி நிற்காமல் ஓடியது, ஆக அணைவதற்குக் காரணம் கரண்டும் இல்லை, கார்பரேட்டரும் இல்லை. பாட்டிலைக் கீழே வைத்து, டேங்கிலிருந்து பெட்ரோல் இழுக்கும் பம்பின் உறிஞ்சும் பக்கம் மாட்டினார், அப்போதும் ஓடியது, பம்பும் சரி. டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருக்குமோ என்று அதையும் திறந்துவிட்டுப் பார்த்தார், மாற்றமில்லை. கடைசியில் பம்புக்கு வரும் ரப்பர் ஹோஸை மடக்கினார், கிளிப் ஓரத்தில் மயிரிழை போல இருந்த விரிசல் வாயைத் திறந்தது. உறிஞ்சும் பக்கம் என்பதால் பெட்ரோல் வெளியே சொட்டாமல் காற்றுதான் உள்ளே போயிருக்கிறது, கார்பரேட்டருக்குள் இருக்கும் சின்னத் தொட்டியான ஃப்ளோட் சேம்பரில் தேங்கிய பெட்ரோல் தீரும் வரை ஓடி, தீர்ந்ததும் நின்றிருக்கிறது. ஹோஸும் கிளிப்பும் சேர்த்து 200 ரூபாய்கூட ஆகவில்லை.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல், நம் வண்டிகளின் பழைய ரப்பரும் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வும் அதற்காகச் செய்தவை அல்ல, அதனால் ஹோஸை முதலில் பாருங்கள். சாவியை விட்ட நொடியே அணைந்தால் அது வேறு கோளாறு, இக்னிஷன் சுவிட்சையும், காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் இருந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். சில நொடி ஓடித் திணறி நின்றால் பாட்டில் சோதனை செய்யாமல் எதையும் கழற்ற விடாதீர்கள். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சிந்தினால் தீப்பிடிக்கும், தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

எனக்கு ஆறவே ஆறாதது அந்தக் கார்பரேட்டர்தான். வண்டியோடு வந்தது, நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. திருப்பிக் கேட்டால் "ஸ்கிராப்ல போட்டாச்சு சார்" என்கிறார்கள். மாட்டிவிட்டிருக்கும் டூப்ளிகேட்டில் ஸ்க்ரூ மரை லூசு, ஐட்லிங் ஒரே சீராக நிற்பதில்லை. ஒரிஜினல் சாமான் என்ன விலை போகும் என்று தெரியாதவர்களா இவர்கள்? கழற்றும் சாமான் எல்லாம் திரும்ப வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுத வையுங்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக பில்லையும் பழைய ஹோஸையும் எடுத்து வைத்திருக்கிறேன். பட்டறை பெயர் தேவைப்படுபவர்கள் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.