"ஐந்து நாளில் காட்டு வேலை" பயிற்சி: காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

மூணு மாசச் சம்பளம் போச்சு. முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா எவ்வளவு நிதானமா எழுத உக்காந்தாலும் அந்த மூணு மாசச் சம்பளம் நடுவுல நடுவுல வந்து நிக்கத்தான் செய்யும். பத்து எச்சரிக்கைக் குறிப்பு கடைசியில தரேன், பொறுமையா படிங்க.

பேர் போடல. விளம்பரம் போட்டு, ஆள் சேர்த்து, பேட்ச் பேட்ச்சா பயிற்சி நடத்துற ஒரு தனியார் மையம். அவ்வளவு போதும். இதே மாதிரி நிறைய இருக்கு, பேர் மாத்திக்கிட்டே இருப்பாங்க.

நான் கிடங்குல மூட்டை ஏத்தி இறக்குற ஆள். முதுகு போறதுக்குள்ள வேற தொழில் கத்துக்கணும்னு இருந்தேன். மரத்துக்காகவே வளர்க்குற தோட்டக் காடுகள்ல ஆள் பத்தல, செயின்சா (மோட்டார்ல செயின் ஓடி அறுக்குற ரம்பம்) பிடிக்கத் தெரிஞ்சா உடனே வேலைன்னு விளம்பரம். ஐந்து நாள், முன் அனுபவம் வேண்டாம், சான்றிதழ் உண்டு, வேலைக்கும் நாங்களே அனுப்பி வைப்போம். கட்டணம் மட்டும்தான் தொண்டையில நின்னுச்சு. என் மூணு மாசச் சம்பளம்.

ரெண்டு நாள் யோசிச்சேன். மூணாவது நாள் வீடியோ கால்ல ஒருத்தர் வந்தார். வெயில்ல கறுத்த முகம், நரைச்ச மீசை, இடது கையில ஒரு விரல் நுனி இல்ல. சரி, வேலை செஞ்சவர்தான்னு நினைச்சேன். (இப்ப யோசிச்சா, அந்த விரலைப் பாத்து ஓடியிருக்கணும்.) அவசரப்படுத்தவே இல்ல. "தம்பி, யோசிச்சு சொல்லுங்க, இது உயிரோட விளையாடுற தொழில்"னார். அப்புறம் போனை வைக்கப் போற மாதிரி போய், சட்டுனு கேட்டார்: "உங்க பூட்ஸ் சைஸ் என்ன தம்பி?"

எட்டுன்னேன். எழுதிக்கிட்டார். பேனா பேப்பர்ல ஓடுற சத்தம் கேட்டுச்சு.

அந்த ஒரு கேள்வியிலதான் விழுந்தேன். ஏமாத்துறவன் பூட்ஸ் சைஸ் கேப்பானா? முன்னால இரும்புக் கவசம் வச்ச பூட்ஸ் எனக்காக ஒரு பெட்டியில வந்துக்கிட்டு இருக்குன்னு கண்ணுக்கு முன்னாடி தெரிஞ்சுது. அன்னைக்கு ராத்திரியே முழுப் பணமும் அனுப்பிட்டேன். தவணையில கட்டலாமான்னுகூட கேக்கல.

பூட்ஸ் வரல. பயிற்சி நாள்ல அந்த மீசைக்காரரும் வரல. இருபது வயசு தாண்டின மாதிரி தெரிஞ்ச ரெண்டு பசங்க வந்தாங்க. நாங்க 22 பேர். செயின்சா ரெண்டே ரெண்டு. அதுல ஒண்ணுல, ஓடுற செயினைச் சட்டுனு நிறுத்துற செயின் பிரேக் பிடிக்கல, "அதை யூஸ் பண்ண மாட்டோம், அதனால பரவால்ல"ன்னு ஒரு பையன் சொன்னான். காலுக்குப் போடுற பாதுகாப்பு பேண்ட் மூணு. ஒண்ணுல தொடைப் பக்கம் கிழிஞ்சு வெள்ளை நூல் கத்தையா தொங்குது. அந்த நூல்தான் அந்தப் பேண்டோட உயிரே: செயின் பட்டா நூல் உருவி வந்து, செயினை ஓட்டுற சக்கரத்துல சுத்தி அதை நிறுத்தும். ஒரு தடவை அறுபட்ட பேண்டைத் தூக்கிப் போட்டுடணும். இதெல்லாம் நான் அப்புறமா தெரிஞ்சுக்கிட்டது. அன்னைக்கு அதைத்தான் நான் போட்டுக்கிட்டு நின்னேன்.

ஐந்து நாள் ரெண்டரை நாளாச்சு. முதல் நாள் முழுக்க ஸ்லைடு. மூணாவது நாள் மதியம் போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க. ரம்பம் என் கையில இருந்தது மொத்தம் ஏழு நிமிஷம், கீழே கிடந்த ஒரு கட்டையை அறுக்க. நிக்குற மரம் ஒண்ணைக்கூட யாரும் சாய்க்கல. பரீட்சை ஒண்ணு வச்சாங்க, விடையை அவங்களே வாசிச்சாங்க. சான்றிதழ்ல என் பேர்ல ஒரு எழுத்து தப்பு. "பங்கேற்றார்"னு இருந்துச்சு, "தேர்ச்சி பெற்றார்"னு இல்ல. அந்த வித்தியாசம் அப்ப எனக்கு உறைக்கல.

வேலைக்கு அனுப்புறோம்னு ஒரு போன் நம்பர் கொடுத்தாங்க. அது மர வெட்டு எடுத்து செய்யுற மேஸ்திரி ஒருத்தரோட நம்பர். அவருக்கு இந்த மையத்தைப் பத்தி ஒண்ணுமே தெரியாது! ஆனாலும் வரச் சொன்னார். சான்றிதழை வாங்கிப் பாத்தார், பின்பக்கம் ஏதாவது இருக்கான்னு திருப்பியும் பாத்தார். மடிச்சு என் கையிலயே கொடுத்துட்டு அரத்தை நீட்டினார்.

"செயினைத் தீட்டு தம்பி."

எனக்கு அரத்தை எப்படிப் பிடிக்கிறதுன்னே தெரியல. எந்த ரம்பத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் அரம்னு ஒரு கணக்கு இருக்கு, அதுவும் தெரியல. அவர் திட்டல. ரம்பத்தை ஓட்டி ஒரு கட்டையில வச்சார், விழுந்ததை அள்ளி என் உள்ளங்கையில போட்டார். சின்னச் சின்னச் சீவலா இருந்துச்சு. "பல்லு கூரா இருந்தா இப்படி வரும். மாவு மாதிரி கொட்டினா மழுங்கிப் போச்சுன்னு அர்த்தம். மழுங்கின ரம்பத்தை ஆள் அமுக்குவான், அமுக்கினாத்தான் அடிபடுவான்." எனக்கு வயிறு கலங்கிடுச்சு. பயிற்சியில என் கால் மேல கொட்டினது பூரா மாவு. அந்தப் பையன் பக்கத்துல நின்னு "சூப்பரா அறுக்குது பாருங்க"ன்னான்.

அப்புறம் ஒரு அடிக்கட்டையைக் காட்டினார். விழ வேண்டிய பக்கம் ஆப்பு மாதிரி ஒரு வெட்டு, பின்னால இருந்து ஒரு வெட்டு, நடுவுல வெட்டாம விட்ட ஒரு பட்டை. "இதுதான் கீல். மரத்தோட விட்டத்துல பத்துல ஒரு பங்கு. கதவுக்குக் கீல் மாதிரி, மரம் இதுல திரும்பித்தான் சாயணும். முழுசா அறுத்துட்டேன்னா எங்க விழுறதுன்னு மரத்துக்கே தெரியாது." வெட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பின்பக்கமா சாய்வா ஓட வழி சுத்தம் பண்ணி வைக்கணுமாம். மத்தவங்க குறைஞ்சது ரெண்டு மர நீளம் தள்ளி நிக்கணுமாம். ரம்பத்து மூக்கோட, அதாவது முன் நுனியோட, மேல் பாகம் எதுலயாவது முட்டினா அது முகத்தைப் பாத்து எகிறுமாம். பத்து நிமிஷம். காசு வாங்கல. மூணு மாசச் சம்பளம் வாங்கினவங்க இதுல ஒண்ணைக்கூட சொல்லல.

வேலை தரல, நியாயம்தான். நானா இருந்தாலும் தந்திருக்க மாட்டேன்.

இனிமேத்தான் கூத்து. மையத்துக்குப் போன் போட்டேன். "அந்த மேடம் லீவுல இருக்காங்க." மறுநாள், "நீங்க மெயில் அனுப்பணும் சார்." அனுப்பினேன். "ஃபாரம் நிரப்பணும்." நிரப்பினேன், போட்டோ வச்சேன், கிழிஞ்ச பேண்ட் போட்டோவும் வச்சேன். "பயிற்சியில கலந்துக்கிட்டதா கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்?" போட்டேன்தான், மதியச் சாப்பாட்டு லிஸ்டுன்னு நினைச்சு. மீசைக்காரர் நம்பருக்கு மெசேஜ் போட்டா ரெண்டு நீல டிக் விழுது, பதில் இல்ல. "என் பூட்ஸ் எங்க?"ன்னு ஒரு வரி மட்டும் அனுப்பினேன். அதுக்கும் நீல டிக். நேத்து கடைசியா ஒரு பதில் வந்துச்சு: உயர்நிலைப் பயிற்சிக்கு எனக்கு 20 சதவீதம் தள்ளுபடியாம்!

ராத்திரி தூக்கம் வராம தேடிப் பாத்தேன். ஐரோப்பாவுல செயின்சா சான்றிதழுக்கே நாலு படி வச்சிருக்காங்க. முதல் படியே ரம்பத்தைப் பராமரிக்கிறதும் கீழே கிடக்குற மரத்தை அறுக்கிறதும்தான். மரம் சாய்க்கிறது ரெண்டாவது படியில, புயல்ல சாஞ்ச மரம் நாலாவதுல. சர்வதேச தொழிலாளர் அமைப்பு காட்டு வேலைப் பாதுகாப்புக்குன்னே 1998-ல ஒரு நெறிமுறைத் தொகுப்பு போட்டிருக்கு. தொழில்ல புதுசா நுழையுறவனுக்கு ரம்பம் மட்டுமே வேலையும் இல்ல. நாற்று நடறது, களை எடுக்கிறது, கிளை கழிக்கிறது, நெருக்கமா நிக்குற மரத்தைக் கலைச்சு விடறது, 1.3 மீட்டர் உயரத்துல விட்டம் அளக்கிறதுன்னு எவ்வளவோ இருக்கு. 3 மீட்டருக்கு 3 மீட்டர் நட்டா ஹெக்டேருக்கு 1,111 மரம்னு நானே உக்காந்து கணக்குப் போட்டேன். ஸ்லைடுல ஒரு நாற்றுப் படம்கூட இல்ல.

சரி, குறிப்பு. எத்தனை பேருக்கு எத்தனை ரம்பம்னு எழுத்துல கேளுங்க. அவங்க கொடுக்குற சான்றிதழோட நகல் ஒண்ணைக் காட்டச் சொல்லி "பங்கேற்றார்"னு இருந்தா எந்திரிச்சு வந்துடுங்க. அதை எடுத்துக்கிட்டு வேலை கொடுக்குற மேஸ்திரி யாராவது ஒருத்தர்கிட்ட முன்கூட்டியே காட்டுங்க, காசு கட்டின பிறகு இல்ல. முழுப் பணத்தையும் ஒரே தடவையா அனுப்பாதீங்க. எந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டாலும் தலைப்பைப் படிங்க.

பத்து சொன்னேன், அஞ்சுதான் வந்திருக்கு. மிச்சத்துக்கு நேரமில்ல. அதே மேஸ்திரி சாயந்திரம் கூப்பிட்டார், ரம்பத்தைத் தொடக்கூடாது, நாலு நாள் நாற்று நட வரியான்னு. விடியறதுக்கு முன்னாடி கிளம்பணும். பூட்ஸ் கிடங்குல ஒருத்தன்கிட்ட இரவல் வாங்கியிருக்கேன். சைஸ் ஒன்பது. முன்னால துணி அடைச்சிருக்கேன்.