கயிற்றுச் சாப்பரும் காய்கறி பிடிக்காத ஒருவனின் எட்டு மாதங்களும்

நாற்பத்தொரு வயது வரை தட்டில் வைத்த பொரியலை ஓரமாக ஒதுக்கிவிட்டு, ரசத்தையும் தயிரையும் அப்பளத்தோடு சாப்பிட்டே பழகியவன் நான். சென்ற ஆண்டு எடுத்த இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம், அதாவது நீரிழிவுக்கு முந்தைய நிலை என்று வந்தது. மருத்துவர் மாத்திரை எதுவும் எழுதாமல், சோற்றைப் பாதியாகக் குறைத்து அந்த இடத்தைக் காய்கறியால் நிரப்பச் சொன்னார். பழமும் காய்கறியுமாக நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உருளைக்கிழங்கு, மரவள்ளி போன்ற மாவுக் கிழங்குகள் அந்தக் கணக்கில் வாரா. அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நான் அதுவரை உண்டது சாம்பாரில் தப்பிப்போய் வாயில் அகப்பட்ட ஓரிரு முருங்கைத் துண்டுகள் மட்டுமே.

அந்த வாரமே திருச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பாத்திரக் கடையில், 250 ரூபாய் கொடுத்துக் கயிறு இழுக்கும் காய்கறிச் சாப்பர் ஒன்றை வாங்கினேன். மின்சாரம் வேண்டாத எளிய கருவி அது. ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், அதன் நடுவே ஒரு தண்டில் மேலும் கீழுமாக மூன்று அலகுகள், மூடிக்குள் சுருள்வில்லில் சுற்றிய கயிறு, அவ்வளவுதான். கைப்பிடியைப் பற்றி இழுத்தால் கத்தி சுழலும். விட்டால் கயிறு தானாக உள்ளே சுருண்டுகொள்ளும். பல பெயர்களில் விற்கும் இந்தச் சாப்பர்கள் எல்லாமே அநேகமாக ஒரே அமைப்பில்தான் இருக்கின்றன. ஆகவே ஒரு நிறுவனத்தின் பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், இந்த வகைக் கருவியைப் பற்றியே எழுதுகிறேன்.

ஒரு கருவி வாங்கியதால் காய்கறி எப்படிப் பிடித்துப்போகும் என்று கேட்பவர்களுக்கு, எனக்கு ஏன் பிடிக்காமல் இருந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். பெரிய துண்டாக வெந்த கத்தரிக்காயோ சுரைக்காயோ பல்லில் பட்டதும் சொதசொதவென்று நீர் விடுவதுதான் என்னைக் குமட்ட வைத்தது. அதன் சுவையோடு எனக்குப் பகை இருந்ததில்லை. அதே காயைத் துவரம்பருப்பு அளவுக்குப் பொடியாக நறுக்கி, அகன்ற இரும்புச் சட்டியில் மூடி போடாமல் சுண்ட வதக்கினால், நீர் வற்றி ஓரங்கள் சிவந்து, அது வேறொரு பண்டமாகவே ஆகிவிடுகிறது. முட்டைக்கோஸில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். மூடிவைத்து நெடுநேரம் வேகவிடும்போதுதான் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் கிளம்பி அந்தக் கனத்த வாடையைக் கொடுக்கின்றன. பொடியாக நறுக்கிய கோஸ் நல்ல சூட்டில் நான்கைந்து நிமிடத்தில் பக்குவப்பட்டுவிடுவதால் அந்த வாடைக்கு இடமில்லை.

இதையெல்லாம் கத்தியாலேயே செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் கால் கிலோ பீன்ஸை அந்த அளவுக்குப் பொடியாக நறுக்க எனக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. காலை ஏழரை மணிக்குப் பள்ளிப் பேருந்து வரும் வீட்டில் அந்தப் பதினைந்து நிமிடம்தான் பொரியலா, வெறும் ஊறுகாயா என்பதைத் தீர்மானிக்கிறது. சாப்பரில், காம்பைக் கிள்ளி நாரை உரித்து இரண்டு அங்குலத் துண்டுகளாக ஒடித்துப் போடும் நேரத்தையும் சேர்த்து ஐந்து நிமிடம் போதும். கிண்ணத்தில் பாதிக்குச் சற்று மேல் நிரப்பி, ஆறேழு முறை சீராக இழுத்தால் சரியான பதம் கிடைக்கிறது. பத்தைத் தாண்டினால் கூழாகத் தொடங்கும். காய் ஈரமாக இருந்தாலும் இதே கதிதான் என்பதால், கழுவிய காயைத் துணியில் பரப்பி உலர்த்திய பிறகே போட வேண்டும். முதல் பத்து நாள் இது தெரியாமல் கேரட்டைச் சட்னிப் பதத்தில் வதக்கிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கருவியால் எங்கள் வீட்டில் நிலைத்துப்போன பதார்த்தம் பீன்ஸ் பருப்பு உசிலி. அரை ஆழாக்குத் துவரம்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மிளகாய் வற்றலும் பெருங்காயமும் உப்பும் சேர்த்துக் கரகரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் வைத்து ஆவியில் வேகவிட வேண்டும். ஆறியதும் வழக்கமாக அதைக் கையால் உதிர்ப்பார்கள். கட்டி தட்டிப்போய் உசிலி கெடுவது இந்த இடத்தில்தான். வெந்த பருப்பு அடையை அதே சாப்பரில் போட்டு மூன்றே முறை இழுத்தால் ரவை போலப் பொலபொலவென்று உதிர்ந்துவிடுகிறது. கடுகு, கறிவேப்பிலை தாளித்து, பொடியாக நறுக்கிய பீன்ஸை வதக்கி, உதிர்த்த பருப்பைச் சேர்த்துச் சிறு தீயில் பிரட்டினால் பருப்பையும் காயையும் பிரித்தெடுக்க முடியாது. சாம்பாரிலிருந்து ஒவ்வொரு பீன்ஸாகப் பொறுக்கி வெளியே வைக்கும் என் பதினோரு வயது மகன், இதை வத்தக்குழம்புச் சோற்றுக்கு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டபோது என் அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தார். கொத்தவரங்காயிலும் இது நன்றாக வரும். அதன் கசப்பைப் பருப்பு அடக்கிவிடுகிறது.

ரவா கிச்சடி, அடை, குழிப்பணியாரம் ஆகியவற்றிலும் கேரட், கோஸ், சௌசௌ என்று எதை வேண்டுமானாலும் இப்படிக் கலக்கலாம். ஒரு ஆழாக்கு ரவைக்கு இரண்டு ஆழாக்குக் காய் போட்டாலும் கிச்சடி கிச்சடியாகவே இருக்கிறது. வாழைப்பூவுக்கு மட்டும் ஒரு குறிப்பு. ஒவ்வொரு பூவிலும் கள்ளனை (நடுவிலுள்ள வேகாத நரம்பை) எடுத்து ஆயும் வேலையைச் சாப்பர் செய்யாது. ஆய்ந்த பூவைப் பொடியாக்கி உடனே மோரில் போடும் வேலை மட்டும் விரைவாக முடியும்.

எல்லாக் காய்க்கும் இது உதவாது. வெண்டைக்காயை இதில் போடவே கூடாது. அலகு அதை நசுக்கி அறுப்பதால் உள்ளிருக்கும் கொழகொழப்பெல்லாம் கிண்ணத்தில் இறங்கிவிடும். வெண்டைக்காயைத் துடைத்து உலரவைத்துக் கத்தியால் அரிந்து, வதக்கும்போது சிறிது புளித்தண்ணீரோ தயிரோ சேர்ப்பதுதான் வழி. கீரை, அலகுகள் உள்ள நடுத்தண்டைச் சுற்றிக்கொள்கிறது. தக்காளி சாறாகிறது. பீட்ரூட்டையும் சேனையையும் பெரிய துண்டுகளாகப் போட்டால் கத்தி சிக்கி நின்றுவிடும். பாகற்காய் நன்றாகவே நறுக்கப்படுகிறது என்றாலும் அதன் கசப்பைச் சாப்பர் என்ன செய்ய முடியும்? சிலருடைய நாக்கு பிறவியிலேயே மற்றவர்களைவிடக் கசப்பைக் கூர்மையாக உணரும் என்பதும், அதற்கு மரபணு வேறுபாடு ஒரு காரணம் என்பதும் ஆய்வில் உறுதியானவை. காய்கறி வேண்டாம் என்பதற்கு உங்களுக்குக் கசப்பே காரணமானால் இந்தக் கருவியை நம்பி வாங்காதீர்கள். வாயில் படும் பதம்தான் காரணமானால் தயங்காமல் வாங்கலாம்.

நான் முதலில் வாங்கிய சாப்பரின் கயிறு ஆறு வாரத்தில் அறுந்தது. கடைக்காரர் கயிற்றுக்கு உத்தரவாதம் கிடையாது என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அட்டைப் பெட்டியின் மேல் ஓராண்டு உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்ததைக் காட்டியும் பயனில்லை. 250 ரூபாய் பெரிய தொகை இல்லை என்றாலும், அச்சிட்டுக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாத அந்த அலட்சியம் இன்றும் உறுத்துகிறது. பிறகு வேறொரு கடையில் 900 மில்லி கொள்ளளவுள்ள கிண்ணமும் தடித்த கயிறும் கொண்ட ஒன்றை 425 ரூபாய்க்கு வாங்கினேன். எட்டு மாதங்களில் அந்த முதல் ஆறு வாரம் போக, மீதிக் காலமெல்லாம் இதுதான் உழைத்துவருகிறது. நால்வர் உள்ள வீட்டுக்கு 450 மில்லிக் கிண்ணம் போதாது. ஒரு பொரியலுக்கு மூன்று ஈடு போட வேண்டியிருக்கும்.

கயிற்றை மேல்நோக்கியோ சாய்வாகவோ இழுக்காமல், மூடியை இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கயிறு வெளிவரும் துளைக்கு நேராக இழுத்தால் அது உராய்ந்து தேயாது. மூடியை ஒருபோதும் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது, ஏனெனில் உள்ளே போன நீர் வெளியேற வழியின்றிச் சுருள்வில் துருப்பிடிக்கும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும். அலகுகள் மிகக் கூர்மையானவை. கழுவும்போது நடுத்தண்டின் மேல்முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது. நறுக்கிய காயை முதல் நாள் இரவே எடுத்துவைப்பதையும் நான் விட்டுவிட்டேன். பொடியாக நறுக்கிய பரப்பில் காற்றுப் பட்டு வைட்டமின் சி குறைவது ஒருபுறம் இருக்க, கோஸும் வெங்காயமும் குளிர்பெட்டி முழுவதும் வாடை பரப்பிவிடுகின்றன.

தென்னூர் உழவர் சந்தையில் ஞாயிறு காலை வாங்கும் காய், முன்பெல்லாம் வியாழக்கிழமையில் வாடிப்போய்க் குப்பைக்குப் போகும். இப்போது புதனுக்குள் தீர்ந்து, இடையில் ஒருமுறை தெருவில் வரும் தள்ளுவண்டியில் வாங்க வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு மணிக்கட்டு வலி இருப்பதால் பீன்ஸையும் கோஸையும் சாப்பருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். ஆனால் முருங்கைக்கீரை, வெண்டைக்காய், வாழைத்தண்டு மூன்றுக்கும் அவருடைய அரிவாள்மனைதான். வாழைத்தண்டை வட்டமாக அரிந்து நாரை விரலில் சுற்றி எடுக்கும் அந்த வேலையை எந்தக் கருவியும் செய்வதில்லை.