வாழ்த்து அட்டை: தபாலிலா, இணையத்திலா?

இரண்டு வழியிலும் விடாமல் அட்டை அனுப்பிக்கொண்டிருப்பவள் நான். அனுப்புகிறவர் வசதியை மட்டும் பார்த்தால் இணையம் சுலபமாக ஜெயித்துவிடும். நள்ளிரவில்கூட உட்கார்ந்த இடத்திலிருந்தே அனுப்பலாம். ஆனால் அட்டை யாருக்குப் போகிறதோ, அவரிடம் அது என்ன பாடுபடுகிறது என்று பார்த்துத்தான் மதிப்பெண் போடவேண்டும் என்பது என் கட்சி.

அதற்கு முன் ஒரு பழியைத் துடைத்துவிடலாம். இணையத்தில் வாழ்த்துவது சோம்பேறித்தனம் என்பார் எங்கள் பெரியப்பா. அச்சிட்ட அட்டை பிறந்த கதையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனசு வராது. 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்குக் கிறிஸ்துமஸ் கடிதங்கள் குவிந்தன, பதில் எழுத நேரமில்லை. ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரைந்து வாங்கி, சுமார் ஆயிரம் பிரதி அச்சடித்தார். யாருக்கு, யாரிடமிருந்து என்று நிரப்ப மட்டும் இடம் விட்டிருந்தது. ஆக, அச்சு அட்டை வந்ததே நேரம் மிச்சமாகத்தான். அதற்கு வழிவிட்டது 1840-ல் பிரிட்டனில் வந்த 'பென்னி தபால்', அதாவது அனுப்புகிறவரே ஒரு பென்னி காசு கட்டி அனுப்பும் முறை. அதுவரை பெரும்பாலும் கடிதத்தை வாங்குகிறவர்தான் காசு கொடுத்தார். வாழ்த்தை அனுப்பிவிட்டு அவரிடமே பணம் வாங்குவது நன்றாகவா இருக்கும்?

இணைய அட்டையில் எனக்குள்ள பெரிய குறை, அட்டை பெறுகிறவரிடம் போவதே இல்லை என்பதுதான். 1994-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேப் ஆய்வுக்கூடத்தில் ஜூடித் டோனத் என்பவர் தொடங்கிய 'எலக்ட்ரிக் போஸ்ட்கார்ட்' தளத்திலேயே இப்படித்தான். மின்னஞ்சலில் ஒரு எண் வரும், அதைக் கொண்டுபோய்த் தளத்தில் கொடுத்தால் அட்டையைப் பார்க்கலாம். இன்றும் பல தளங்களில் போவது வெறும் இணைப்புதான். தளம் மூடினாலோ, வைத்திருக்கும் கெடு முடிந்தாலோ வாழ்த்தும் போச்சு. 2020 டிசம்பர் 31-ஓடு ஃப்ளாஷ் மென்பொருளுக்கு ஆதரவு நின்றபோது, அதில் செய்த பழைய ஆடும் பாடும் அட்டைகள் உலாவியில் திறக்காமல் போய்விட்டன. அதனால் கோப்பாகத் தரவிறக்கிக்கொள்ள விடாத தளம் எவ்வளவு அழகான படம் வைத்திருந்தாலும் நான் அங்கே போவதில்லை.

சந்தேகம் வேறு. 2007-ல் 'உங்கள் உறவினர் ஒரு அட்டை அனுப்பியிருக்கிறார்' என்று போலி மின்னஞ்சல் அனுப்பியே ஸ்டார்ம் என்ற தீநிரலை (வைரஸ் மாதிரி கெடுதல் செய்யும் நிரல்) கணினி கணினியாகப் பரப்பினார்கள். என் சித்தி எந்த இணைப்பையும் தொடமாட்டார், அவர் செய்வது சரி. அவருக்கு மட்டும் முதலில் போன் செய்து சொல்லிவிட்டு அனுப்புகிறேன்.

அப்புறம் நம் எழுத்து. அலங்கார எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் தட்டினால், அந்த எழுத்துருவில் தமிழே இருக்காது. நல்ல தளம் சாதாரண எழுத்துக்கு மாற்றிக் காட்டும். மோசமான தளத்தில் கட்டம் கட்டமாக வரும், இல்லாவிட்டால் 'கொ'வின் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து, நடுவில் புள்ளி வட்டம் முளைத்து நிற்கும். முன்னோட்டத்தில் ஒழுங்காகத் தெரிந்தது போன பிறகு உடைந்ததும் உண்டு. எனவே புதுத் தளம் என்றால் எனக்கே ஒன்று அனுப்பிப் பார்த்துக்கொள்வேன்.

இணையத்தில் மனதாரப் பாராட்டுவது கூட்டு அட்டையை. வேலையை விட்டுப் போகிறவருக்கு ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் நண்பர்கள் ஆளுக்கு நாலு வரி எழுதி ஒரே அட்டையாக அனுப்புவது தபாலில் லேசில் நடக்காது. தேதி குறித்து வைத்தால் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடுவதும் பெரிய உதவி.

தபாலில் அந்த உறுதி இல்லை. சாதாரணத் தபாலில் போட்ட அட்டை வழியில் தொலைந்தால் யாருக்கும் தெரியாது, எதிர்முனையில் இருப்பவர் நாம் மறந்துவிட்டோம் என்றே நினைப்பார். இருந்தும் நெருங்கியவர்களுக்கு நான் தபாலைத்தான் நம்புகிறேன், வந்து சேர்ந்த அட்டை அவருடைய பொருளாகிவிடுகிறது என்பதால். வாங்கும்போது படத்தைவிட உள்பக்கத்தைத்தான் பார்க்கிறேன். வழவழப்புத் தாளில் ஜெல் பேனா மை சீக்கிரம் காயாது. எழுதி மூடினால் 'அன்புள்ள' எதிர்ப்பக்கத்தில் தலைகீழாக ஒட்டிக்கொள்ளும். பூச்சில்லாத, கொஞ்சம் சொரசொரப்பான தாள் என்றால் எந்தப் பேனாவும் எழுதும். மணி, குஞ்சலம் ஒட்டியதை அப்படியே அனுப்பக்கூடாது, தபால்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் இயந்திரத்தில் மாட்டிக் கிழியும். சதுர உறையும் தொல்லைதான். எது நீளப்பக்கம் என்று தெரியாமல் இயந்திரம் திணறுவதால் சில நாட்டுத் தபால்துறைகள் அதற்குக் கூடுதல் கட்டணம் வாங்குகின்றன. ஏ6 அட்டையும் சி6 உறையும் (114 × 162 மி.மீ.) பிரச்சினையில்லாத ஜோடி.

இரண்டுக்கும் நடுவில், இணையத்தில் எழுதிக் கொடுத்தால் அச்சடித்துத் தபாலில் சேர்க்கும் சேவைகளும் இருக்கின்றன. நான் பயன்படுத்திய ஒன்றில் அச்சு நன்றாக வந்தது, ஆனால் என் சொற்கள் ஏதோ அறிவிப்புப் பலகை எழுத்தில் போய்ச் சேர்ந்தன. இப்போது வெள்ளைத் தாளில் கையால் எழுதி, 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்து அதைப் படமாக ஏற்றுகிறேன். அண்ணன் மகள் அதைப் பார்த்துவிட்டு "அத்தை, இது உங்க கையெழுத்தேதான்!" என்று குரல் செய்தி அனுப்பினாள். அவசரத்துக்கும் தூரத்துக்கும் இதைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

துக்கம் கேட்பதற்கு மட்டும் இணைய அட்டை வேண்டவே வேண்டாம். இலவசத் தளம் என்றால் பக்கத்திலேயே விளம்பரம் ஓடும், பாட்டும் தானாகத் தொடங்கும். விளம்பரம் எது, ஆறுதல் எது என்று பிரித்துப் பார்க்கிற மனநிலையில் அந்த வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். வெறும் தாளில் மூன்று வரி எழுதித் தபாலில் போடுங்கள். நாலு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தாலும் பரவாயில்லை.