காருக்குள்ளேயே ஒரு ஸ்பேர் சாவி: மூன்று வருட அனுபவம்

2022 மே மாதம், ராமேஸ்வரம். அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்து, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி முடித்து, சொட்டச் சொட்ட பார்க்கிங்குக்கு வந்து ரிமோட்டை அழுத்தினால் கார் அசையவே இல்லை. சாவி பக்கத்தில் இருந்தாலே பட்டனை அழுத்திக் கிளப்பும் வகை வண்டி என்னுடையது. கால்சட்டைப் பையில் கிடந்த சாவியும் என்னோடு சேர்ந்து எல்லாத் தீர்த்தமும் ஆடியிருக்கிறது, அதிலும் முதல் முழுக்கு கடல் தண்ணீரில். மாற்று உடை, போன், பர்ஸ் எல்லாம் காருக்குள். ஸ்பேர் சாவி மதுரையில் பீரோவுக்குள். பூ விற்கும் ஒரு அம்மாவிடம் போன் வாங்கி, மனப்பாடமாக இருந்த ஒரே நம்பரில் வீட்டைப் பிடித்து, தம்பி சாவியோடு பஸ் ஏறி வந்து சேர நாலு மணி நேரம் ஆனது. அதற்குள் எங்கள் துணி காய்ந்துவிட்டது, அது ஒன்றுதான் லாபம்.

இதில் கொடுமை என்னவென்றால், அவன் வந்திருக்கவே வேண்டாம். ஊர் திரும்பியதும் தெருமுனை மெக்கானிக் அண்ணன் அந்தச் செத்த சாவியை வாங்கி, பக்கவாட்டில் இருந்த சின்னத் தாழைத் தள்ளி, உள்ளேயிருந்து ஒரு இரும்புச் சாவியை உருவினார். டிரைவர் கதவுக் கைப்பிடி ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறது, அதை நெம்பினால் பழைய அம்பாசிடரில் இருப்பதுபோல சாவித் துவாரம். திறந்ததும் ஹாரன் அலறியது. அவர் அசராமல் செத்த சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினார், வண்டி கிளம்பியது, அலறலும் நின்றது. சாவிக்குள் பேட்டரியே தேவைப்படாத ஒரு சில்லு உண்டு, பக்கத்தில் கொண்டுபோனால் காரிலிருந்தே மின்சாரம் வாங்கிக்கொண்டு பேசும். மூன்று வருடம் ஓட்டிய வண்டி, கையேட்டை ஒருநாளும் பிரித்ததில்லை. புதுச் சாவிக்கு 12,000 ரூபாய் ஆனது தனிக்கதை.

அன்றே முடிவு செய்தேன், இனி ஒரு ஸ்பேர் சாவி காருக்குள்ளேயே இருக்க வேண்டும். சொல்வது சுலபம். சாவி உள்ளே இருந்தால் இந்த மாதிரி வண்டி பூட்டவே விடாது, பீப் பீப் என்று கத்தும். அப்படியே பூட்டினாலும், யார் வேண்டுமானாலும் உள்ளே ஏறி பட்டனை அழுத்தி ஓட்டிக்கொண்டு போகலாம். ஆக, சாவி உள்ளே இருப்பது காருக்கே தெரியக்கூடாது.

முதலில் எவர்சில்வர் டப்பா. உலோகம்தானே, மறைத்துவிடும் என்று நினைத்து இறுக்கமான மூடி போட்ட சம்புடத்தில் வைத்தேன். முதல் நாளே பீப். அடுத்து சாப்பாடு கட்டும் அலுமினியம் ஃபாயில், நாலு சுற்று. இது வேலை செய்தது, நானும் பெருமையாக நாலு பேரிடம் சொன்னேன். ஐந்தாவது மாதம் ஒருநாள் நான் சாவியோடு மளிகைக் கடைக்குள் நிற்கிறேன், வெளியே மனைவி காரை நிழலுக்கு நகர்த்திக்கொண்டிருக்கிறாள். எந்தச் சாவியை வைத்து? டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் குலுங்கிக் குலுங்கி ஃபாயில் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக அப்படிக் கிடந்ததோ. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பிறகு சிக்னலை மறைக்கும் பை ஒன்று ஆன்லைனில் 400 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு வருடம் நன்றாகவே இருந்தது. அப்புறம் மடிப்பு விழும் இடத்தில் உள் துணியின் உலோகப் பூச்சு உதிர ஆரம்பித்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாதம் ஒருமுறை சோதித்துப் பார்த்ததால்தான் கண்டுபிடித்தேன். சோதனை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இன்னொரு சாவியை வீட்டுக்குள் தூரமாக வைத்துவிட்டு, காரில் உட்கார்ந்து பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும், கிளம்பினால் பை குப்பைக்கு. நம் வண்டியில், நாம் வைக்கும் அதே இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம்.

இன்னொரு தொல்லை பேட்டரி. கையில் வைத்திருக்கும் சாவியில் சிஆர்2032 காயின் பேட்டரி இரண்டு வருடம் வருகிறது, காருக்குள் கிடந்த சாவியில் எட்டு மாதத்தில் காலி. ஏன் என்று தோண்டியபோதுதான் விஷயம் புரிந்தது. கார் சாவியைக் கூப்பிடுவது 125 கிலோஹெர்ட்ஸ் போலத் தாழ்ந்த அலைவரிசையில், சாவி பதில் சொல்வது நம் ஊர் வண்டிகள் பலவற்றில் 433 மெகாஹெர்ட்ஸில். பதிலை மெல்லிய ஃபாயிலே தடுத்துவிடும். கூப்பிடும் அலை அப்படியில்லை, மெல்லிய உலோகத்தைத் தாண்டி உள்ளே கசியும். சாவி பாவம், கூப்பிடும்போதெல்லாம் விழித்து யாருக்கும் கேட்காத பதிலைச் சொல்லிக்கொண்டே பேட்டரியைக் கரைக்கிறது. போதாததற்கு நம் வெயில். இந்த மாதிரி காயின் பேட்டரிகள் பலவற்றுக்கு 60 டிகிரிதான் உச்சவரம்பு, மதுரை சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு அதைச் சாதாரணமாகத் தாண்டும்.

இவ்வளவு சுற்றிய பிறகுதான் மண்டையில் உறைத்தது, பேட்டரியைக் கழற்றிவிட்டால் என்ன? பேட்டரி இல்லாத சாவி, பட்டனோடு ஒட்டி வைக்காதவரை பதிலே சொல்லாது. டப்பா வேண்டாம், ஃபாயில் வேண்டாம், பை வேண்டாம். கதவு ஒழுங்காகப் பூட்டுகிறது, பட்டன் அழுத்தினால் சாவி இல்லை என்கிறது, அதே சாவியை எடுத்துப் பட்டனோடு ஒட்டினால் கிளம்புகிறது. செலவு பூஜ்யம். மெக்கானிக் அண்ணன் முதல் நாளே செத்த சாவியை வைத்து வண்டியைக் கிளப்பிக் காட்டியிருக்கிறார், எனக்குத்தான் உறைக்க இரண்டு வருடம் ஆனது.

அந்த ஸ்பேரின் இரும்புச் சாவியை மட்டும் உருவி வெளியே வைத்துக்கொள்கிறேன், சாதாரண நாளில் பர்ஸில், குளிக்கப் போகும்போது அரைஞாண் கயிற்றில். கைச்சாவியை என்ன செய்வது என்பீர்கள். அதற்குத்தான் புதிதாக வாங்கிய சிக்னல் மறைக்கும் பை, அதில் போட்டுக் காருக்குள்ளேயே வைத்துவிடுவேன், இரண்டு மணி நேரத்துக்கு அது தாராளம். டொயோட்டாவின் சில வண்டிகளை வைத்திருப்பவர்களுக்குப் பையே வேண்டாம், அவற்றின் ஸ்மார்ட் சாவியில் லாக் பட்டனை அழுத்திப் பிடித்தபடி அன்லாக்கை இரண்டு முறை தட்டினால் சாவி தூங்கிவிடும், ஏதாவது பட்டனை அழுத்தினால் திரும்ப விழிக்கும். என் வண்டியில் அந்த வசதி இல்லை. இன்னொன்று, என் வண்டியில் இரும்புச் சாவி டிரைவர் கதவை மட்டுமே பூட்டும், அதனால் மற்றக் கதவுகளை உள்ளேயிருந்து பூட்டிவிட்டுக் கடைசியாக இறங்குவேன். இப்படிப் பூட்டினால் அலாரம் விழிப்பதில்லை, திரும்ப வந்து திறக்கும்போது ஊரைக் கூட்டுவதும் இல்லை.

ஆனால் ஒன்று. கண்ணாடியை உடைத்து உள்ளே வருபவன் கையில் அந்தச் சாவி கிடைத்தால் அவனும் இதே மாதிரி ஒட்டி வைத்துக் கிளப்பிக்கொண்டு போகலாம். அதனால் டேஷ்போர்டு பெட்டி, சன் வைசர், சீட்டுக்கு அடியில், எல்லாமே வேண்டாத இடங்கள். ஸ்பேனர் இல்லாமல் எடுக்க முடியாத ஓர் இடத்தில் பழைய துணியில் சுற்றிக் கட்டியிருக்கிறேன். எந்த இடம் என்று என் மைத்துனருக்கே சொன்னதில்லை, மன்னிக்கவும்.

இதைவிட முக்கியமானது இன்சூரன்ஸ். வண்டி திருடு போய் க்ளெய்ம் போட்டால் இரண்டு சாவியையும் கொண்டுவா என்பார்கள். ஒன்று காருக்குள்ளேயே இருந்தது என்றால் கவனக்குறைவு என்று சொல்லிக் கையை விரிக்க வழி கிடைத்துவிடும், அப்புறம் நுகர்வோர் மன்றம், வக்கீல் என்று அலைய வேண்டியதுதான். இது தெரிந்தபிறகு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். மதுரைக்குள் ஓட்டும்போது ஸ்பேர் பீரோவில்தான். வெளியூர்ப் பயணம் என்றால் மட்டும் முந்தின நாள் இரவு பேட்டரியைக் கழற்றி வண்டிக்குள் கட்டுவேன், திரும்பி வந்ததும் முதல் வேலையாக எடுத்துவிடுவேன். சர்வீஸுக்கு விடும்போதும் ஸ்பேரை எடுத்துவிட்டுத்தான் விடுவேன்.

போன ஆடி அமாவாசைக்கு மறுபடி ராமேஸ்வரம். கூட்டமோ கூட்டம். 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வந்து, இடுப்பில் தடவி இரும்புச் சாவியை எடுத்து, பிளாஸ்டிக் மூடியை நெம்பி, கதவைத் திறந்து மூன்று நிமிடத்தில் காய்ந்த துண்டோடு நின்றோம். அடிக்கடி நெம்பி நெம்பி மூடியின் ஓரத்தில் பெயின்ட் போய்விட்டது. அந்த இரும்புச் சாவியிலும் உப்புத் தண்ணீர் பட்டு லேசாகத் துருப் பொட்டு விழுகிறது, வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறேன்.