கதிர்வீச்சு உயிரியல் ஆய்வுக்கு எங்கே சேரலாம்: ஆய்வுக்கூடத்திலா, புற்றுநோய் மருத்துவமனையிலா?

எம்.எஸ்சி. முடித்து, நெட் தேர்வும் எழுதி, கதிர்வீச்சு உயிரியலில் (கதிர் செல்லையும் திசுவையும் என்ன செய்கிறது என்று ஆராயும் துறை) பி.எச்டி. செய்ய வேண்டும் என்று வருகிறவர்களுக்கு நம் நாட்டில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பல்கலைக்கழகத்திலோ அணுசக்தித் துறை சார்ந்த நிறுவனத்திலோ இருக்கும் அடிப்படை ஆய்வுக்கூடம். இன்னொன்று, தினமும் நோயாளிகளுக்குக் 'கரண்ட் வைக்கிற' (கதிர் சிகிச்சை கொடுக்கிற) புற்றுநோய் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவு. நான் ப்ராஜெக்ட் வேலையை ஆய்வுக்கூடத்தில் ஆரம்பித்தேன். பி.எச்டி.க்கு மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தேன், இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். ஆகவே இந்த அலசல் மருத்துவமனைப் பக்கம் சாய்ந்திருக்கும். ஏன் அப்படி என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். நெட் ஃபெல்லோஷிப் தொகை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆய்வுக்கூடத்தில் கட்டுரை சீக்கிரம் வரும், மருத்துவமனையில் எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்கே மாதங்கள் போகும். ஆய்வுக்கூடத்தில் காமா சேம்பர் (செல்களுக்குக் காமா கதிர் கொடுக்கும் பெட்டி) கையருகிலேயே இருக்கும். காலை பத்து மணிக்கு நினைத்தால் பதினொரு மணிக்கு செல்களுக்குக் கதிர் கொடுத்துவிடலாம். மருத்துவமனையில் கடைசி நோயாளி இறங்கிப் போன பிறகுதான் லினாக் (கதிர் சிகிச்சை மெஷின்) நமக்கு. இரவு எட்டு மணிக்கு செல் ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அந்த மெஷின் இருக்கும் தடித்த சுவர் அறையான பங்கருக்குள் போவது சகஜம்.

ஆய்வுக்கூடத்தின் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. இந்தத் துறைக்கு அளவுகோலைக் கொடுத்ததே அதுதான். 1956-இல் அமெரிக்காவின் டென்வரில் பக், மார்கஸ் என்ற இரு விஞ்ஞானிகள் ஹீலா செல்களை (ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுசெல்கள்) தட்டில் பரப்பி, எக்ஸ் கதிர் கொடுத்து, எத்தனை செல்கள் காலனியாக வளர்கின்றன என்று எண்ணினார்கள். கதிர் பட்ட மனித செல்லின் உயிர்பிழைப்பை வரைகோடாகப் போட முடிந்தது அப்போதுதான். 1 கிரே (திசு வாங்கும் கதிர் அளவின் அலகு) கதிர் ஒரு செல்லின் டி.என்.ஏ.வில் 20 முதல் 40 இரட்டை இழை முறிவுகளை உண்டாக்குகிறது என்பதும், 1998-இல் வந்த, முறிவு நேர்ந்த இடத்தில் மாறும் புரதத்தைக் காட்டும் காமா-எச்2ஏஎக்ஸ் முறையால் அந்த முறிவுகளை நுண்ணோக்கியில் புள்ளி புள்ளியாக எண்ண முடிவதும் ஆய்வுக்கூடங்கள் தந்த கொடை. முறிவைச் செல் எப்படிப் பழுதுபார்க்கிறது, எந்தப் புரதம் முதலில் வந்து ஒட்டுகிறது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் தயங்காமல் ஆய்வுக்கூடத்துக்குப் போங்கள்.

என் கேள்வி வேறு. கட்டியை அழிக்கும் கதிர் பக்கத்துத் திசுவை என்ன செய்கிறது, அது எப்போது தெரியவரும் என்பதே அது. இந்த 'எப்போது'தான் என் தேர்வை முடிவு செய்தது.

காலனி எண்ண இரண்டு வாரம் போதும். எலியில் நுரையீரல் தழும்பாவதைப் பார்க்க ஆறு மாதம் ஆகும். மனுஷிக்கு மார்பகம் இறுகிச் சுருங்குவது முழுசாகத் தெரிய ஐந்து வருடம், பத்து வருடம்கூட ஆகலாம். வாய்ப் புற்றுக்குக் கதிர் வாங்கியவருக்குத் தாடை எலும்பு அரித்துப்போவதும், கருப்பை வாய்ப் புற்றுக்கு வாங்கியவருக்கு மலக்குடலில் ரத்தம் கசிவதும் சிகிச்சை முடிந்து எல்லாரும் நிம்மதியாக இருக்கும் காலத்தில்தான் தலைகாட்டும். கதிர் வைத்த வாரங்களில் தோல் சிவப்பதையும் வாய் புண்ணாவதையும் வைத்து இந்தப் பின்விளைவுகளைக் கணிக்க முடியாது.

இதற்குத் துறை கொடுத்த விலை பெரிது. அமெரிக்காவின் பெர்க்லியில் ராபர்ட் ஸ்டோன் என்ற மருத்துவர் 1938 முதல் 1943 வரை சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியிலிருந்து வந்த நியூட்ரான்களால் நோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுத்தார். தோல் எப்படித் தாங்குகிறது என்பதை வைத்து அளவை நிர்ணயித்தார்கள். சில கட்டிகள் நன்றாகக் கரைந்தன. வருடங்கள் போனபின் உயிரோடிருந்தவர்களில் பலருக்கு மோசமான திசுச் சேதம் வந்து நின்றது. 1948-இல் வெளியான ஒரு சொற்பொழிவில் ஸ்டோனே, கிடைத்த நன்மைக்கு இந்தச் சேதம் மிக அதிகம், இதைத் தொடரக் கூடாது என்றார். தன் நோயாளிகளை அத்தனை வருடம் பின்தொடர்ந்து பார்த்த மனிதரால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது.

ஒரு தடவைக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதிலும் இதே பிரச்சினை உண்டு. தினம் 2 கிரே என்று நீட்டாமல், பெரிய அளவுகளாகக் கொஞ்ச நாளில் முடித்தால் நோயாளிக்கும் சௌகரியம், மெஷினுக்கும் சௌகரியம். அப்படிச் செய்தபோது உடனடித் தோல் விளைவு பழையபடியே இருந்தது, பிந்தைய இறுக்கம் மட்டும் கூடியது. சீக்கிரம் எதிர்வினை காட்டும் திசுக்களும் தாமதமாகக் காட்டும் திசுக்களும் இந்த ஒரு தவணை அளவுக்கு வெவ்வேறு விதமாகப் பதில் சொல்கின்றன என்பதை 1980-களின் தொடக்கத்தில் கதிர் சிகிச்சை ஆய்வாளர் ராட் விதர்ஸும் அவருடைய சகாக்களும் தெளிவாக்கினார்கள். ஒரு தவணை அளவை மாற்றினால் திசு எப்படிப் பதில் சொல்லும் என்று கணக்கிட இன்று எல்லா ரேடியேஷன் டாக்டரும் பயன்படுத்தும் ஆல்ஃபா-பீட்டா விகிதத்துக்குப் பின்னால் இருப்பது இந்தப் புரிதல்தான்.

எவ்வளவு நுட்பமான வித்தியாசம் இது என்று காட்ட எனக்குப் பிடித்த உதாரணம் பிரிட்டனின் ஃபாஸ்ட்-ஃபார்வர்டு சோதனை. ஆரம்பநிலை மார்பகப் புற்றுள்ள 4,000-க்கும் மேற்பட்டவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான 40 கிரே, 15 தவணை, மூன்று வாரம். மற்ற இரண்டுக்கும் ஒரே வாரத்தில் 5 தவணை. ஒன்றுக்கு மொத்தம் 26 கிரே, இன்னொன்றுக்கு 27. ஐந்தாண்டு முடிவு 2020-இல் வந்தது. கட்டி திரும்பாமல் தடுப்பதில் ஒரு வாரச் சிகிச்சை மூன்று வாரத்துக்குக் குறைந்ததில்லை. திசுப் பாதிப்பில் 26 கிரே பழைய முறையை ஒட்டியே இருந்தது, 27 கிரேயில் பாதிப்பு கூடியது. வித்தியாசம் மொத்தத்தில் வெறும் 1 கிரே! அதைப் பிரித்துக் காட்டும் திறன் எந்த செல் தட்டுக்கும் கிடையாது. ஒவ்வொரு வருடமும் அந்தப் பெண்களை அழைத்துப் பார்த்து, கேட்டு, எழுதிவைத்த ஃபாலோ-அப்தான் காட்டியது.

இதனால்தான் சேரப்போகும் இடத்தைப் பார்க்க வரும் மாணவர்களிடம், கருவிகள் இருக்கும் அறையைவிட ரெக்கார்டு அறையை அதிக நேரம் பாருங்கள் என்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன் சிகிச்சை முடித்தவர்களில் எத்தனை பேர் இன்று எப்படி இருக்கிறார்கள் என்று அந்த மருத்துவமனைக்குத் தெரியுமா? ஃபைலில் ஒரு தவணைக்கு எத்தனை கிரே, நடுவில் எத்தனை நாள் விட்டுப்போனது என்று இருக்கிறதா? பயாப்ஸித் திசுவைப் பதித்து வைத்த பாரஃபின் மெழுகுத் துண்டுகளைப் பத்து வருடம் கழித்தும் அதே நோயாளி எண்ணை வைத்து எடுக்க முடியுமா? பின்விளைவை யார், எந்தத் தரவரிசைப்படி குறிக்கிறார்கள்? இவற்றுக்கு நல்ல பதில் கிடைத்தால் பழைய இன்குபேட்டரைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம்.

நம் ஊரில் ஃபாலோ-அப் லேசான வேலையில்லை. நோயாளி போன் நம்பரை மாற்றிவிடுவார், பஸ் செலவை நினைத்து வராமல் இருப்பார், ரத்தம் கசிந்தால் மூலம் என்று உள்ளூரில் மருந்து வாங்கிக்கொள்வார். அப்படியும் இங்கே செய்து காட்டியிருக்கிறார்கள். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் 1981 முதல் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்துகிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, கருப்பை வாய்ப் புற்று முற்றி மூன்றாம் பி நிலையில் இருந்த 850 பெண்களிடம், கதிரோடு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தைச் சேர்த்தால் பயனுண்டா என்று சோதித்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்து, பயனுண்டு என்று 2018-இல் வெளியிட்டது. நம் பெண்களுக்கு வரும் நோய்க்கு நம் பெண்களிடமிருந்தே கிடைத்த விடை.

மருத்துவமனையில் இன்னொரு லாபம், கேள்விகள் தானாக வந்து சேரும். தீபாவளி, பொங்கல் வந்தால் கதிர் சிகிச்சை நின்றுபோகும், மெஷின் பழுதானால் நின்றுபோகும். தலை, கழுத்துப் புற்றில் சுமார் நான்கு வாரத்துக்கு அப்புறம் கட்டி வேகமாக மறுபடி பெருகத் தொடங்குகிறது என்றும், அதை ஈடுகட்டவே ஒரு நாளைக்கு 0.6 கிரே அளவில் வீணாகிறது என்றும் விதர்ஸ் குழு 1988-இல் கணக்கிட்டது. பாடமாகப் படித்த இந்த எண், ஐந்தாவது வாரத்தில் ஊருக்குப் போன ஒருவர் பத்து நாள் கழித்துத் திரும்பிவந்து உட்காரும்போது வேறு கனம் பெறுகிறது.

கதிர் அளவின் அலகுக்கே பெயர் தந்த எல்.எச். கிரேயும் இப்படி வந்தவர்தான். கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தின் இயற்பியலாளர் 1933-இல் மவுண்ட் வெர்னான் மருத்துவமனைக்குப் போனார். ஆக்சிஜன் குறைந்த செல்லைக் கொல்ல ஏறத்தாழ மூன்று மடங்கு கதிர் தேவை என்பது அவருடைய 1953 கட்டுரையின் மையம். அது கட்டிக்குள் நிஜமாகவே முக்கியம் என்று புரிந்தது, 1955-இல் சக ஆய்வாளர் தாம்லின்சனுடன் சேர்ந்து நோயாளிகளின் நுரையீரல் புற்றுத் திசுக்களைப் பார்த்தபோது. ரத்தக் குழாயிலிருந்து 0.2 மில்லிமீட்டர்கூடப் போவதற்குள் ஆக்சிஜன் எட்டாமல் செல்கள் செத்துக் கிடந்தன.

சரி, மருத்துவமனையின் குறைகள்? உயிரியல் படித்தவருக்கு அங்கே வேலை உத்தரவாதம் இல்லை. ரேடியோதெரபி மையத்தில் மருத்துவ இயற்பியலாளர் இருந்தே ஆக வேண்டும் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி, உயிரியலாளருக்கு அப்படியொரு விதி இல்லை. எம்.எஸ்சி. இயற்பியல் படித்து, சீக்கிரம் நிலையான சம்பளம் வேண்டும் என்கிறவர்கள் மருத்துவ இயற்பியல் பக்கம் போவதே நல்லது. ஐந்து வருட பி.எச்டி.க்குள் பத்து வருட ஃபாலோ-அப் முடியாது என்பதும் உண்மை. ஆகவே உங்களுக்கு முன் வேலை செய்தவர்கள் சேர்த்து வைத்த தொகுப்பில் உட்கார வேண்டும், நீங்கள் சேர்ப்பதை இன்னொருவர் எழுதுவார் என்பதற்கும் சம்மதிக்க வேண்டும்.

மின்னல் வேகத்தில் கதிர் கொடுக்கும் ஃபிளாஷ் முறையில் என் சாய்வு செல்லாது என்று நினைக்கிறேன். அது நல்ல திசுவைக் குறைவாகவே பாதிக்கிறது என்று 2014-இல் எலியின் நுரையீரலில் பார்த்துச் சொன்னது ஆய்வுக்கூடம்தான், இன்னும் சில வருடங்களுக்கு விடைகள் அங்கிருந்தே வரும். புரோட்டான் துகள்களால் கொடுக்கும் சிகிச்சைப் பக்கம் நான் வேலை செய்ததில்லை, அதற்கு என் பேச்சை எடைபோட வேண்டாம்.

மருத்துவமனையில் சேர்வதென்றால் கைடிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வாரத்தில் ஒரு நாள் ஃபாலோ-அப் ஓ.பி.யில் டாக்டர் பக்கத்தில் உட்கார விடுவீர்களா? முடியாது என்றால் அது மருத்துவமனை வளாகத்தில் இருக்கும், தட்டில் வளர்த்த செல்களை மட்டும் பார்க்கும் இன்னொரு செல் லைன் ஆய்வுக்கூடம். அதற்குப் பதில், நல்ல காமா சேம்பர் இருக்கிற நிஜமான ஆய்வுக்கூடத்திலேயே சேர்ந்துவிடுங்கள்.